குரல் கொடுக்காமல் நடந்தவர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. பின்னால் இருப்பவர்களும் முன்னால் வாருங்கள். கதவை ஒருக்களித்துச் சாத்தினால் போதும், தாழ்ப்பாள் வேண்டாம். ஓர் ஊரே பயந்துபோன கதை இது. பேய்க்கதை இல்லை, பேய் என்றால் விடிந்ததும் போய்விடும். இது பட்டப்பகலில் வந்து பட்டப்பகலில் உட்கார்ந்துகொண்ட பயம். நடுவில் யாருக்காவது நெஞ்சு படபடத்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெருங்கி உட்காரச் சொன்னது அதற்குத்தான்.

பெரிய நகரத்தில் ரயில் ஏறினால், ஒரு செய்தித்தாளைப் படித்து முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர் அது. ஆதியில் அங்கே செங்கல் சூளை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. நகரத்துக் கட்டடங்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் கல் போயிற்று. மண்ணை வெட்டி வெட்டிப் பெரும்பள்ளமாகி, பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாயிற்று. நல்ல மண் தீர்ந்தபோது, சூளை வேலைக்காரர்களுக்குப் போக இடமில்லை. சூளைக்காரர் மிச்சமிருந்த கல்லைக் கொண்டு குளத்தைச் சுற்றி வீடுகளைக் கட்டினார். அந்தக் களிமண்ணில் வண்டி இறங்கினால் அச்சுவரை புதைந்துவிடும். அதனால் வண்டிப்பாதையே போடவில்லை. அதிகமாக வெந்து கோணிப்போய் விலைபோகாமல் கிடந்த கற்களைப் பரப்பி, ஆள் நடக்கிற அகலத்துக்குச் சந்துகள் போட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. “வீடு உனக்கு, வழி நடக்கிறவனுக்கு” என்று சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டையும் கொடுத்தாராம்.

பிறகு ரயில் நிலையம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, கடைகள் வந்தன. நகரத்தில் வேலை பார்க்கிறவர்களும் குடிவந்தார்கள். ஊர் பெருத்தது, சந்துகள் மட்டும் அகலமாகவில்லை. கார் வைத்திருப்பவர்கள் அதை ஊரைச் சுற்றிப் போகும் வெளிச்சாலையில் மரத்தடியில் நிறுத்திவிட்டு, மாட்டைக் கட்டிப்போட்டு வருவதுபோல வீட்டுக்கு நடந்து வருவார்கள். எந்த வீட்டிலிருந்து எங்கே போக வேண்டுமானாலும், அடுப்பில் பால் வைத்தால் பொங்குவதற்குள் போய் வந்துவிடலாம். அந்த ஊரில் நகைக்கடைக்காரருக்கு ஓட்டு வீடு, செருப்புத் தைக்கிறவருக்கு மாடி வீடு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்துகளுக்குப் பெயர்களும் இருந்தன. துணி துவைக்கிற வீடுகளுக்கு நடுவே போனது சோப்புச் சந்து. மாமியாரும் மருமகளும் எதிரெதிர் ஜன்னலில் நின்று பேசிக்கொண்டது சண்டைச் சந்து. எப்போதோ ஒரு கிழவர் இருமிக்கொண்டே இருந்த இடம் இருமல் சந்து. கிழவர் போய் எத்தனையோ காலமாகியும் பெயர் போகவில்லை.

அந்தச் சந்துகளில் நடப்பதற்கு ஒரு முறை உண்டு. சந்தின் இரண்டு பக்கமும் குளியலறை ஜன்னல், சமையல் ஜன்னல், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அறையின் ஜன்னல். ஆகவே நுழைகிறவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும்: “நடக்கிறேங்க!” உள்ளே இருப்பவர் யாரானாலும் பதில் சொல்ல வேண்டும்: “நடங்க!” அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் வந்தால் “நட கண்ணு” என்பார்கள்; கடன்காரன் வந்தால் “வேகமா நட” என்பார்கள். காலையில் ரயிலுக்குப் போகிற நேரத்தில் ஊர் முழுக்க இந்தக் குரல்தான். பார்வையில்லாத ஒருவர் அந்தக் குரல்களைப் பிடித்துக்கொண்டே ரயில் நிலையம் வரை போய் வருவார். குரல் கொடுக்காமல் அந்த ஊரில் ஒருவரும் நடந்ததே இல்லை.

இந்த ஊருக்குத்தான் ஒரு நர்ஸ் வேலைக்கு வந்தாள். முப்பதைத் தாண்டியவள், மெலிந்தவள், கூப்பிட்டால் முதல் தடவையே திரும்பிப் பார்க்கிறவள். நூல்கடையம்மாவின் வீட்டில் கீழே பின்பக்கம் ஓர் அறை காலியாக இருந்தது. கதவைத் திறந்தால் நேரே சந்து. நூல்கடையம்மா முன்பக்கம் நூலும் பொத்தானும் ஊசியும் விற்றுக்கொண்டு மாடியில் குடியிருந்தாள்.

“ஒண்டிக்கட்டையா?” என்று கேட்டாள் நூல்கடையம்மா.

“ஆமாங்க.”

“அப்பா அம்மா?”

“யாரும் இல்லைங்க.”

“எனக்கும் யாரும் இல்ல. ஒண்டிக்கு ஒண்டி துணை. ஆனா ஒண்ணு சொல்லிடறேன் தாயி, சொந்தம் பந்தம்னு யாரையும் கொண்டாந்து வைக்கக் கூடாது. முன்னால இருந்தவன் அண்ணன்னு ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தான். அந்த அண்ணன் குடிச்சுட்டு என் நூல்கண்டையெல்லாம் குளத்துல எறிஞ்சு, மீன் பிடிக்கிறேன்னு உக்காந்திருந்தான்.”

நர்ஸ் சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அப்பா இருந்தார்.

அவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிறவராக இருந்தவர். வெயிலோ மழையோ, தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து, எங்கே ஆணி கழன்றிருக்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவதுதான் ஆயுள் முழுக்க வேலை. பக்கவாதம் வந்து பேச்சு முழுவதும் போய்விட்டது. இடது காலும் இழுத்துக்கொண்டது. நகரத்தில் அவர்கள் இருந்த குடியிருப்பில், ஒருநாள் வழிதவறி வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அந்த வீட்டுக்காரன் அடித்த அடியில் உதடு கிழிந்து, கால் எழாமல் நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அடிவாங்கியவரைத்தான் காலி செய்யச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்டுப்போன இடமெல்லாம் “அப்பாவா? பேச முடியாதவரா? வேண்டாம்மா” என்ற ஒரே பதில். அதனால்தான் அந்தப் பொய். அவரை ஆஸ்பத்திரி வார்டிலிருந்து அனுப்பியபோது, மூடுபனி இறங்கிய ஒரு மாலையில் கம்பளி போர்த்தி ரயிலில் கூட்டிவந்து, யார் கண்ணிலும் படாமல் அறைக்குள் சேர்த்துவிட்டாள்.

“அப்பா, நான் வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் வெளிய போகக் கூடாது. சரியா?”

அவர் தலையை ஆட்டினார். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

ஆனால் நினைத்துப் பாருங்கள். ஆயுள் முழுக்க நடந்த மனிதர். கதவுக்கு வெளியே தண்டவாளம் மாதிரியே நேராக ஒரு வழி ஓடுகிறது. உட்கார்ந்திருப்பாரா?

மறுநாள் மதியமும் பனி விலகவில்லை. நூல்கடையம்மா மாடி ஜன்னலில் நின்று தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே சந்தில் காலடி கேட்டது. டக். சர்ர்ர். டக். சர்ர்ர். குரல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவளே கேட்டாள், “யாருங்க நடக்கிறது?”

காலடி நின்றது. பதில் இல்லை. எட்டிப் பார்த்தாள். பனிக்குள் ஓர் உருவம், தலையோடு போர்த்தி, அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மறுபடி டக், சர்ர்ர் என்று நகர்ந்து கரைந்துபோயிற்று. அவள் போட்ட அலறலில் செருப்புக்கடைக்காரர் ஆணியோடு சேர்த்துக் கட்டைவிரலையும் அடித்துக்கொண்டார்.

அன்று மாலை நர்ஸ் வீட்டுக்கு வந்து அப்பாவின் காலணியைக் கழற்றினாள். அடியில் சிவப்பாகச் செங்கல் தூசி. இடது காலணியின் முனை தேய்ந்திருந்தது. முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். “நடந்தா பிழைச்சுக்குவார், உக்காந்தா அவ்வளவுதான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். வார்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், தானாகவே எழுந்து நடந்திருக்கிறார்! அந்தக் காலை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே சிரித்தாள். அவரும் ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் கதவு தட்டப்பட்டது. அப்பாவைத் திரைக்குப் பின்னால் இருத்திவிட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். நூல்கடையம்மா, முகமெல்லாம் வெளுத்து நின்றாள்.

“தாயி, நீ தனியா இருக்கிற பொண்ணு, அதான் சொல்ல வந்தேன். ஒருத்தன் வர்றான். குரல் கொடுக்காம நடக்கிறான். நம்ம சந்துலதான் காலடி ஆரம்பிச்சுது, கொஞ்ச நேரம் கழிச்சு நம்ம சந்துலதான் வந்து முடிஞ்சுது. எங்க இருந்து வர்றான், எங்க போறான்னே தெரியல. நீ மேல வந்து படுத்துக்கோ.”

“பரவாயில்லைங்கம்மா.”

“என்ன பரவாயில்ல? அப்போ இதை வெச்சுக்கோ.” துணி வெட்டுகிற பெரிய கத்திரிக்கோல் ஒன்றைக் கையில் திணித்தாள். “எவனாவது கதவைத் தொட்டா, கண்ணை மூடிட்டு ஒரே குத்து.”

கதவைச் சாத்தியபின் நர்ஸ் அந்தக் கத்திரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உங்களுக்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, கண்ணுகளா. கூரை போனவளுக்குத்தான் தெரியும், வாய் எவ்வளவு கனமென்று. நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் கால் சரியானதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். ஒரு நாள் வெளியே பூட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அவர் கதவடியில் உட்கார்ந்திருந்தார். விரல் நகமெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது. அதற்குப் பிறகு பூட்டுவதற்கு அவளுக்குக் கை வரவில்லை. “அப்பா, போகாதீங்கப்பா” என்று கெஞ்சிவிட்டுப் போவாள். மாலையில் காலணியில் தூசி இருக்கும்.

பயத்துக்குக் கால் தேவையில்லை, வாய் போதும். முதல் நாள் “போர்வை போத்தின ஆள்” என்றார்கள். அடுத்த நாள் அவன் கையில் கம்பி முளைத்தது. அதற்கடுத்த நாள் அவனே இரண்டு பேரானான். சோப்புச் சந்துக்காரி தன் துண்டை அவன் எடுத்துப் போய்விட்டான் என்று கத்தினாள். துண்டு அவள் தோளிலேயே கிடந்தது. அதைப் பார்த்தும் ஒருவரும் சிரிக்கவில்லை. ஊர் கெட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பிறகு இன்னொரு யோசனை கிளம்பியது. “நாம ‘நடங்க’ன்னு பதில் சொல்றோம்ல? அதை வெச்சுத்தான் எந்த வீட்டுல ஆள் இருக்கு, எதுல இல்லன்னு கணக்குப் பண்றான்” என்றார் ஒருவர்.

“அப்போ பதில் சொல்லாம இருந்துட்டா?” என்றாள் சண்டைச் சந்து மாமியார்.

“ஆள் இல்லன்னு தெரிஞ்சுடும்.”

“சொன்னாலும் தெரியும், சொல்லாட்டியும் தெரியும். அப்போ நான் என்ன, பாதி வாயைத் திறந்து பாதியை மூடிக்கட்டுமா?”

“உங்களால அது முடியாது அத்தை” என்றாள் மருமகள்.

ஆனாலும் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். பதில் வராததால் நடப்பவர்களும் குரல் கொடுப்பதை விட்டார்கள். குரல் கொடுக்காமல் நடப்பவர்கள் அதிகமானதும், கேட்கிற காலடி எல்லாம் அவன் காலடியாயிற்று. பனிக்குள் ஊர் ஊமையாயிற்று. ஜன்னலுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு, யார் போகிறார்கள் என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்வையில்லாதவர் ஒருநாள் பாதி வழியில் திசை தப்பிக் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர் வீட்டை விட்டு வரவில்லை.

வெல்டர்தான் முதல் இரும்புக் கதவைச் செய்தவர். மனசு கெட்டவர் இல்லை. பெரிய குரலும் பெரிய கையும் உள்ள மனிதர். அவர் மனைவிக்குப் பிரசவ நேரம். மனைவி தூக்கத்தில் பயந்து பயந்து எழுந்ததைப் பார்த்து, தன் வீட்டுச் சந்துக்கு ஒரு கதவு மாட்டினார். அதைப் பார்த்துப் பக்கத்துச் சந்து கேட்டது; அதைப் பார்த்து அடுத்த சந்து. அந்த ஊர் பிறந்ததிலிருந்து ஒரு சந்துக்கும் கதவு இருந்ததில்லை. இப்போது வெல்டரின் பட்டறையில் நெருப்புப்பொறி ஓயவில்லை.

அப்புறம் நூல்கடையில் கூட்டம் போட்டார்கள். நர்ஸ் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இருமல் சந்துதான் சரி” என்றார் வெல்டர். “நீளம். ரெண்டு பக்கமும் உயரமான சுவர். உள்ள ஒரு கதவு கிடையாது. ரெண்டு முனையிலயும் கேட் போட்டுட்டேன். இங்கிருந்து அங்க போற வழியையும் சேத்துத் திறந்தே வெப்போம். அவன் உள்ள போனதும் ரெண்டையும் சாத்திடுவோம். பட்டறையில தொங்குற தண்டவாளத் துண்டுல மூணு அடி அடிச்சா, எல்லாரும் வந்துடுங்க. கட்டை இருக்கிறவங்க கட்டை, இல்லாதவங்க கல்லு.”

நர்ஸின் கையில் டீத்தட்டு கடகடவென்று ஆடியது. “அது... அவர்...” என்று வாயைத் திறந்தாள்.

நூல்கடையம்மா எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். “பாருங்க, எப்படி நடுங்குதுன்னு. அப்பன் இல்ல, ஆத்தா இல்ல, தனியாக் கிடக்குது. இந்தப் பிள்ளைக்காகவாவது அவனைப் பிடிச்சாகணும்.”

எல்லாரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். அந்த இரக்கத்துக்கு முன்னால் அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் காலி டம்ளர்களைப் பொறுக்கினாள்.

மறுநாள் காலை அப்பாவின் முன்னால் மண்டியிட்டுச் சொன்னாள். “இன்னிக்கு ஒரு நாள்ப்பா. சாயங்காலம் வந்து நானே மேல போய்ச் சொல்லிடறேன். இன்னிக்கு மட்டும் போகாதீங்க.” அவர் தலையை ஆட்டினார்.

மதியத்துக்கு மேல், ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அப்போது கேட்டது. டங். டங். டங். பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. கட்டுத் துணியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

முதல் சந்துக்கு ஓடினாள், கதவு, பூட்டு. அடுத்ததற்கு ஓடினாள், கதவு, பூட்டு. “திறங்க! யாராவது திறங்க!” என்று இரும்பைப் பிடித்து உலுக்கினாள். உள்ளே ஒரு ஜன்னல் மெதுவாக மூடிக்கொண்டது. பால் பொங்குவதற்குள் போய்வரும் ஊர், அன்றைக்கு அவளுக்கு வெளிச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் ஊராயிற்று. பனியில் எதுவும் தெரியவில்லை. நின்றிருந்த கார்கள் ஒவ்வொன்றாக முன்னால் முளைத்து, இடித்து, பின்னால் போயின. இந்நேரம் அவரை என்ன செய்திருப்பார்கள்? எத்தனை பேர் இருப்பார்கள்? “அடிக்காதீங்க” என்று சொல்லக்கூட அவருக்கு வாய் இல்லையே! விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள்.

இருமல் சந்தின் முனையில் கூட்டம் நின்றது. கையில் கட்டை, கல். ஆனால் ஒருவரும் கதவுக்கு அருகில் இல்லை. உள்ளே பனி வெள்ளைச் சுவர் மாதிரி அடைத்திருந்தது. பிடித்தாகிவிட்டது; உள்ளே போக யாருக்கும் தைரியமில்லை.

“அசையவே மாட்டேங்கிறான். கல்லு விட்டுப் பாத்தோம், ஒரு சத்தம் இல்ல” என்றார் வெல்டர்.

“இன்னும் பெரிய கல்லா விடுங்க” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. “கல்லு போடாதீங்க. அது எங்கப்பா.”

“பயத்துல உளறுது” என்றாள் நூல்கடையம்மா. “நீ ஏன் தாயி இங்க வந்த? வீட்டுக்குப் போ.”

“உளறலைங்கம்மா. எங்கப்பாதான். பேச வராது. என் ரூம்லதான் இருக்கார்.”

“உனக்குத்தான் யாரும் இல்லன்னு சொன்னியே?”

“பொய் சொன்னேன்.”

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது, அவளிடமிருந்து. “அன்னிக்குப் பொய் சொன்னவ இன்னிக்கு நிஜம் சொல்றான்னு எப்படி நம்புறது?” என்றது அதே குரல். “உள்ளே இருக்கிறவனுக்கு இவ கூட்டாளியா இருந்தா?” தன்னை இரக்கத்தோடு பார்த்த அதே கண்களில் இப்போது வேறொன்று இருப்பதை அவள் பார்த்தாள். கட்டைகள் கொஞ்சம் உயர்ந்தன.

அவள் வெல்டரைப் பார்த்துச் சொன்னாள், “அண்ணே, என்னை உள்ளே விட்டுப் பூட்டிக்குங்க. நான் சொல்றது பொய்யா இருந்தா, உள்ள இருக்கிறவன் என்னை என்ன வேணா பண்ணிக்கட்டும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“வேண்டாம்டி!” என்று நூல்கடையம்மா கையைப் பிடித்தாள். அந்தப் பிடியை மெதுவாக விடுவித்துக்கொண்டு நர்ஸ் உள்ளே போனாள். பின்னால் பூட்டு விழுந்தது.

இனி அந்தச் சந்தில் அவளும் பனியும்தான். காலடியில் உடைந்த செங்கற்கள். இரண்டு பக்கச் சுவர்களும் ஈரமாக, உயரமாக. “அப்பா” என்றாள். பதில் வராது என்று தெரிந்தும் காத்திருந்தாள். அப்போதுதான் கண்ணுகளா, அவளுக்கே ஒரு நினைப்பு வந்தது. அப்பா சொன்னபடி வீட்டிலேயே இருந்திருந்தால்? ஊர் சொன்ன ஆள் உண்மையிலேயே ஒருவன் இருந்தால்? அரிசி டின்னில் கிடக்கும் கத்திரிக்கோல் நினைவுக்கு வந்தது. அவளும் அந்த ஊர்க்காரியாகிவிட்டாள். திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. பின்னால் பூட்டு.

மூச்சுச் சத்தம் கேட்டது. சுவரோரம், முதுகைச் சுவரோடு பலகைபோல ஒட்டிக்கொண்டு, கைகளை விரித்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு ஓர் உருவம். குறுகிய இடத்தில் ரயில் வரும்போது தண்டவாளக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள். இரும்புச் சத்தம் கேட்டிருக்கிறது. ரயில் வருகிறது என்று நின்றுவிட்டார், கடந்துபோகும்வரை அசையக் கூடாது என்று. கல் வந்தது, அப்போதும் அசையவில்லை. நெற்றியிலிருந்து ரத்தம் கண் வழியாக வழிந்துகொண்டிருந்தது.

“அப்பா!” என்று ஓடிப்போய்த் தொட்டாள். அவர் கை மேலே போனது. அதில், சுவரிலிருந்து உருவிய ஒரு முழுச் செங்கல். கண்ணில் ரத்தம், யாரென்று தெரியவில்லை அவருக்கு. கை அவள் தலைக்கு நேராக நின்றது. அவள் கத்தவில்லை. கத்தினால் வெளியே இருப்பவர்கள் உள்ளே பாய்வார்கள். மெதுவாக அவர் காலடியில் உட்கார்ந்தாள். இடது காலணி கழன்று கிடந்தது. அதை எடுத்து, நனைந்த காலுறையை இழுத்துச் சரிசெய்து, குதிகாலைக் கையில் ஏந்தி, வார்டில் தினமும் செய்ததுபோலக் காலணியை மாட்டி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அவள் தலைக்கு மேலே கல் இருந்தது. முடிச்சு முடிந்தபோது அது பக்கத்தில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு ஒரு கை அவள் தலையைத் தடவியது.

இருவரும் பனியிலிருந்து வெளியே வந்தபோது, வெல்டர் பூட்டைத் திறக்கச் சாவியைத் துவாரத்தில் வைக்க முடியாமல் தடுமாறினார். கட்டைகள் எல்லாரின் முதுகுக்குப் பின்னால் போயின. யாரோ ஒருவர் கையிலிருந்த கல் கீழே விழுந்தது. அவர் அதைத் தன்னுடையதில்லை என்பதுபோலப் பார்த்தார்.

நூல்கடையம்மா கிழவரை மேலும் கீழும் பார்த்தாள். “இத்தனை நாளா என் வீட்டுக்குக் கீழயா?”

“ஆமாங்க.”

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா போகச் சொல்லுவீங்கன்னு பயம்.”

நூல்கடையம்மா பொய் சொல்லத் தெரியாதவள். “ஆமா. சொல்லியிருப்பேன்” என்றாள். பிறகு தன் முந்தானையைக் கிழித்து அந்த நெற்றியில் அழுத்திக்கொண்டு, கிழவரின் மறு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். “நடங்கய்யா. வீடு பக்கத்துலதான்.”

இதோடு கதை முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். நான் உங்களிடம் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும்.

நெற்றியில் காயம் ஆறிற்று. வெல்டர் தான் மாட்டிய கதவுகளையெல்லாம் தானே அறுத்து இறக்கினார். அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ்தான் பிரசவத்தில் உடன் இருந்தாள். “நடக்கிறேங்க”வும் “நடங்க”வும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன, முதலில் வெட்கத்தோடு, பிறகு சத்தமாக. பார்வையில்லாதவர் ரயில் நிலையம் வரை போய் வந்தார். ஊரைவிட்டுப் பயம் போய்விட்டது. போன பயம் ஒரே ஓர் ஆளிடம் தங்கிவிட்டது.

கிழவர் வாசலைத் தாண்டவில்லை. காலணி மாட்டிவிட்டால் மாட்டிக்கொள்வார். கதவு வரை வருவார். சந்தைப் பார்த்ததும் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொள்வார். இழுத்துக்கொண்டிருந்த கால், நடந்து நடந்து தேறிவந்த கால், மறுபடி மரத்துப்போகத் தொடங்கியது. “உக்காந்தா அவ்வளவுதான்” என்று டாக்டர் சொன்னது அவள் காதிலேயே நின்றது. இரவில் அந்தக் காலைத் தேய்த்துவிடும்போது, அது நாளுக்கு நாள் சில்லிட்டு வருவதை அவள் கை அறிந்தது. ஊர் எறிந்த கல் இன்னும் விழுந்துகொண்டேதான் இருந்தது.

ஒரு மாலை அவரைக் கையைப் பிடித்துக் கதவு வரை கூட்டிவந்தாள். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவள் இழுக்கவில்லை. அவளும் பக்கத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மாடியிலிருந்து இறங்கி வந்த நூல்கடையம்மா, “என்ன, ரெண்டு பேரும் சுவருக்கு முட்டுக் கொடுக்கறீங்களா?” என்று கேட்டாள். கேட்டவள், நர்ஸின் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாளோ, வந்து மறுபக்கம் தானும் ஒட்டிக்கொண்டு நின்றாள். சந்து வழியாக வந்த வெல்டர் நின்று பார்த்தார். கையிலிருந்த குழந்தையோடு எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். இருட்டத் தொடங்கியபோது கிழவர் திரும்பி உள்ளே போனார்.

மறுநாளும் நின்றார்கள். அதற்கு மறுநாள் செருப்புக்கடைக்காரரும் வந்தார். அன்றைக்குக் கிழவர் சுவரை விட்டு ஓர் அடி எடுத்து வைத்து, எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி சுவருக்கே போனார். அந்த ஓர் அடிக்குப் பின் எத்தனை அடி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது, மறுநாள் மாலையும் அவள் காலணியை மாட்டிவிட்டாள் என்பதுதான். வெளியே அவர்கள் வந்து நின்றார்கள் என்பதுதான்.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிற காலடியெல்லாம் நல்ல காலடியாக இருக்கட்டும். தெரியாத காலடி வந்தால், உங்கள் கையில் கல் எழுவதற்கு முன்னால் வாயில் கேள்வி எழட்டும். உங்கள் வீட்டில் பேச முடியாதவர்க்குப் பேச ஒரு வாயும், நடக்க முடியாதவர்க்குப் பிடிக்க ஒரு தோளும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும். கூரை ஒழுகாமல், அடுப்பு அணையாமல், எல்லாரும் இருட்டுவதற்குள் வீடு வந்து சேருங்கள்.